புழலுக்கு ஒரு பாடம்

கலைத் திருவிழா வட்டார அளவிலான போட்டிக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். பெயர்ப் பதிவு நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், பறை வாசிப்பவன், ஊர் என்ற இடத்தில் 'செங்குன்றம்' என்று எழுதினான். அவன் வீடு எனக்குத் தெரியும். புழலில், பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது.

"ஏன்டா மாத்தி எழுதினே?" என்று கேட்டேன்.

"புழல்னு சொன்னா எப்ப ரிலீஸ்னு கேக்குறாங்க டீச்சர்."

பக்கத்தில் நின்ற நம் பிள்ளைகளே சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது சிரிக்கிற விஷயமில்லை என்று உறைத்தது. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் தன் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறான். நான் அவனுக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். கண்டங்களும் நாடுகளும் அவனுக்குத் தெரியும். தன் ஊரைப் பற்றிச் சிறை என்ற ஒரு சொல்லைத் தவிர அவன் கையில் வேறு எதையும் நான் கொடுத்திருக்கவில்லை.

அந்த வாரம் வகுப்பில் ஒரு கண்டத்தைப் பற்றிய பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அமைவிடம், இயற்கை அமைப்பு, வடிகால், காலநிலை, தொழில், மக்கள் என்று நாம் எல்லோரும் அறிந்த அதே துணைத் தலைப்புகள்தாம். திங்கட்கிழமை கரும்பலகையில் அந்தத் தலைப்புகளை மட்டும் எழுதி, மேலே 'புழல்' என்று எழுதினேன். "இந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாமே எழுதப் போகிறோம்" என்றேன். ஆறு வாரங்கள், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. அந்த ஆறு வாரங்களில் நாங்கள் கண்டவற்றையும், நான் செய்த ஒரு தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அமைவிடம்: ஒரே வீடு, மூன்று மாவட்டங்கள்

முதல் வாரக் கேள்வி எளிமையானது. "நம் ஊர் எந்த மாவட்டம்?" எல்லோரும் சென்னை என்றார்கள். "வீட்டில் தாத்தா, அப்பா, அம்மா வைத்திருக்கும் பழைய சான்றிதழ்களில் என்ன மாவட்டம் என்று மட்டும் பார்த்து வாருங்கள். சான்றிதழைக் கொண்டு வர வேண்டாம்" என்றேன்.

மறுவாரம் வகுப்பில் ஒரே சண்டை. ஒருவர் வீட்டில் செங்கல்பட்டு, இன்னொருவர் வீட்டில் திருவள்ளூர், தங்கை பிறப்புச் சான்றிதழில் சென்னை. வீடு மாறவில்லை, மாவட்டம் மட்டும் மாறியிருக்கிறது. காரணத்தைக் காலக்கோட்டில் வைத்தோம். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் பிரிந்தபோது புழல் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போனது. பேரூராட்சியாக இருந்த ஊர், 2011இல் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது மாதவரம் மண்டலத்தில் சேர்ந்தது. மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது அப்போதுதான். ஆனால் மாவட்டம் அப்போதும் திருவள்ளூர்தான். 2018இல் சென்னை மாவட்ட எல்லை விரிந்த பிறகே மாவட்டமும் சென்னையானது. அந்த ஏழு ஆண்டுகள் குப்பை எடுக்கச் சென்னை, ஆட்சியர் அலுவலக வேலைக்குத் திருவள்ளூர். உள்ளாட்சிக்கும் வருவாய் நிருவாகத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குடிமையியல் பாடத்தில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். இந்த ஒரு எடுத்துக்காட்டுக்குப் பிறகு யாரும் குழம்பவில்லை.

பிறகு காலக்கோட்டை இன்னும் பின்னோக்கி நீட்டினோம். தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று புழற்கோட்டம். சோழர் காலக் கல்வெட்டுகளில் திருவொற்றியூர், புழற்கோட்டத்தைச் சேர்ந்த ஊராகக் குறிக்கப்படுகிறது. இன்று யாராவது புழல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "மாதவரம் தாண்டி" என்று இன்னொரு ஊரைச் சொல்லி அடையாளம் காட்டுகிறோம். அன்று திருவொற்றியூருக்கு அடையாளம் புழல். இதைச் சொன்னதும் பறை வாசிக்கும் அந்தப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

கதையா, வரலாறா?

புழலில் குறும்பர்கள் கோட்டை கட்டி ஆண்டார்கள், ஆதொண்டைச் சக்கரவர்த்தி அவர்களைப் போரில் வென்றான் என்று ஒரு கதை இந்தப் பகுதியில் வழங்குகிறது. காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் இடம்பெற்ற கதை இது. திருமுல்லைவாயில் கோயிலின் தலபுராணமும் இதோடு இணைகிறது. மன்னனின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது என்பார்கள். அக்கோயிலில் உள்ள இரண்டு எருக்கந்தூண்கள் புழல் கோட்டையிலிருந்து வந்தவை என்பார்கள்.

பாட்டியிடம் கேட்டு வந்து ஒரு மாணவி இந்தக் கதையை அழகாகச் சொன்னாள். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எருக்கஞ்செடி இவ்ளோதான் வளரும். அதுல எப்படி டீச்சர் தூண் செய்ய முடியும்?"

அதுதான் நான் காத்திருந்த கேள்வி. பலகையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் 'மக்கள் சொல்வது', மறுபக்கம் 'சான்று சொல்வது'. புழற்கோட்டம் என்ற பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அது இரண்டாம் பக்கத்துக்குப் போயிற்று. புழலில் பழமையான ஆதிநாதர் சமணக் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அதை நேரில் போய்ப் பார்க்கலாம். யானையும் முல்லைக்கொடியும் முதல் பக்கத்தில் நின்றன. "அப்ப அது பொய்யா?" என்று கதை சொன்ன மாணவி வருத்தத்தோடு கேட்டாள். "பொய் என்று சொல்லவில்லை. நம் ஊரில் யாரோ தோற்றார்கள், யாரோ வென்றார்கள் என்பதை மக்கள் இத்தனை காலம் மறக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்த நினைவும் நமக்கு வேண்டும். ஆனால் தேர்வில் ஆண்டு கேட்டால் இதிலிருந்து எடுக்க முடியாது" என்றேன்.

நிலம்: சிவந்த கல்லும் முதல் தண்டவாளமும்

புழல் ஏரிக்கு இன்னொரு பெயர் செங்குன்றம் ஏரி. ஆங்கிலேயர் வைத்த 'ரெட்ஹில்ஸ்' அந்தப் பெயரின் மொழிபெயர்ப்பு. பிள்ளைகள் பேருந்தில் ரெட்ஹில்ஸ் என்றுதான் கேட்டு ஏறுகிறார்கள். பெயரில் குன்று இருக்கிறது, கண்ணுக்குப் பெரிய குன்று தெரிவதில்லை. இது சமவெளி. கடல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரிகிறது. இடையிடையே கிடக்கும் தாழ்ந்த மேடுகளில் செம்புரைக்கல் படிந்திருக்கிறது. பாறையில் உள்ள இரும்பு துருவேறியதால் வந்த சிவப்பு அது. பழைய ஆணியையும் ஒரு துண்டுச் செம்புரைக்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஆறாம் வகுப்புக் குழந்தைக்கும் புரிகிறது.

இந்தக் கல்மேட்டுக்கு இந்திய வரலாற்றில் ஓர் இடம் உண்டு. இந்தியாவின் முதல் ரயில் எது என்றால், 1853 ஏப்ரல் 16, பம்பாயிலிருந்து தானே என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது பயணிகள் ரயில். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே, 1837இல், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை தண்டவாளம் போட்டுக் கல் ஏற்றிச் சென்றார்கள். சென்னையில் சாலை போடக் கல் தேவைப்பட்டது. அந்தப் பாதையை அமைத்ததில் முதன்மையானவர் பொறியாளர் ஆர்தர் காட்டன். பெரும்பாலும் விலங்குகளே வண்டிகளை இழுத்தன. நீராவி இயந்திரத்தையும் முயன்று பார்த்தார்கள்.

"அப்ப புத்தகம் தப்பா?" என்று கேட்டார்கள். தப்பில்லை. 'முதல்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். முதல் ரயில், முதல் பயணிகள் ரயில், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். மூன்றாவது, 1856 ஜூலை 1 அன்று நம் வட சென்னையின் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. இங்கிலாந்தில் 1825இல் திறக்கப்பட்ட ஸ்டாக்டன் - டார்லிங்டன் பாதையும் முதன்மையாக நிலக்கரி ஏற்றத்தான் போடப்பட்டது. சரக்குக்காகத் தொடங்கியதில் பிறகு மனிதர்கள் ஏறினார்கள். கல் சுமந்த அந்தத் தண்டவாளத்தின் தடம் இன்று இல்லை. ஆனால் சென்னையின் சாலைகளுக்குக் கீழே நம் ஊர்ப் பக்கத்துக் கல் கிடக்கிறது என்ற எண்ணம் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது.

நீர்: ஒரு நகரத்தின் குடம்

ஊர் ஏரியாக இருந்ததை 1876இல் கரையை உயர்த்திச் சென்னைக்கான குடிநீர்த் தேக்கமாக ஆக்கினார்கள். கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கம் தடுப்பணையிலிருந்து கால்வாய் வழியே நீர் சோழவரம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து புழலுக்கு வருகிறது. 1914இல் கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையம் வந்தது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. ஆந்திராவுடனான ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணா நீர், கண்டலேறு - பூண்டி கால்வாய் வழியே 1996இல் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டில்தான் நாளொன்றுக்கு 30 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் புழலில் செயல்பாட்டுக்கு வந்தது. கிருஷ்ணா எங்கே பிறக்கிறது என்று வரைபடத்தில் தேடச் சொன்னேன். மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வரம். அங்கிருந்து விரலை நகர்த்திக்கொண்டே வந்து புழலில் நிறுத்தினார்கள்.

இந்தப் பகுதியைக் கணித ஆசிரியரோடு சேர்ந்து நடத்தினேன். செய்தித்தாளில் தினமும் வரும் எண்கள்தாம் எங்கள் பாடம். புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி. கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். பெருக்கினால் சுமார் 9,340 கோடி லிட்டர். நகரத்துக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் தேவை என்று வைத்துக்கொண்டால் 93 நாள்கள். ஆவியாவதையும் கசிவையும் கணக்கில் சேர்க்காமலே இவ்வளவுதான்.

அடுத்து எல்லா ஏரிகளையும் கூட்டினோம். செம்பரம்பாக்கம் 3,645, பூண்டி 3,231, சோழவரம் 1,081, கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை 500. புழலையும் சேர்த்து 11,757 மில்லியன் கன அடி. அதே கணக்கில் 332 நாள்கள். எல்லாம் வழிய வழிய நிரம்பினாலும் ஓர் ஆண்டைத் தாண்டாது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் பெய்துவிடுகிறது. ஒரு பருவம் பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பதில், பிள்ளைகள் சின்ன வயதில் நேரில் பார்த்தது.

2019 கோடையில் புழல் ஏரி வறண்டது. ஓராண்டு இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு செயற்கைக்கோள் படங்கள், ஒன்றில் நீலம், ஒன்றில் வெடித்த மண், உலகம் முழுவதும் செய்தியாயின. 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் எண்ணிக்கொண்டிருந்த 'நீரில்லா நாள்' நமக்கும் வந்துவிட்டது என்றார்கள். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 50 பெட்டி, ஒரு பெட்டிக்கு 50,000 லிட்டர். மொத்தம் 25 லட்சம் லிட்டர். "ஒரு நாள் தேவைக்கு எத்தனை ரயில் வேண்டும்?" என்று கேட்டேன். விடை 400. கணக்கைப் போட்டு முடித்த மாணவி இரண்டாம் முறை சரிபார்த்தாள், நம்ப முடியாமல்.

அப்போது ஒரு மாணவன் எழுந்தான். "டீச்சர், ஏரி எங்க வீட்டு மாடியிலேர்ந்து தெரியும். ஆனா கோடைக்கு எங்க தெருவுக்கு லாரித் தண்ணிதான். ஏன்?" என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. ஏரியின் நீர் சுத்திகரிக்கப்பட்டு, குழாயில் ஏறி, நகரத்துக்குப் போய், பகிர்மானக் குழாய் வழியே வீடுகளுக்கு வருகிறது என்பதைப் படமாக வரைந்தேன். ஏரிக்கரையில் இருப்பது வேறு, குழாய் இணைப்பு இருப்பது வேறு. புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்குக் குழாய் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. "யாரிடம் கேட்க வேண்டும்?" என்று அடுத்துக் கேட்டான். வார்டு உறுப்பினருக்கு எழுதும் விண்ணப்பம் அந்த வாரத் தமிழ்ப் பாடவேளையில் கடிதப் பயிற்சியானது.

கோடையில் காயும் ஏரி மழையில் வேறு முகம் காட்டும். உபரிநீர் திறக்கும்போது தொலைக்காட்சியில் வரிசையாக ஊர்ப் பெயர்கள் வாசிப்பார்கள்: நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையன்குப்பம். அந்த வரிசையை வெறும் எச்சரிக்கையாகக் கேட்டு வந்தோம். உண்மையில் அது ஒரு வடிகால் வரைபடம். பெயர்களைப் புள்ளிகளாக வைத்து இணைத்தால் புழலிலிருந்து எண்ணூர் கழிமுகம் வரை கோடு வருகிறது. அந்தக் கோட்டின் முடிவில் மீனவர் ஊர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து கழிமுகத்தில் பரவியபோது அவர்களுடைய வலைகளும் படகுகளும் கருத்துப்போயின. மேலே இருப்பவர் திறக்கும் நீர் கீழே இருப்பவரின் வாசலுக்குப் போகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் சொல்லாது.

தொழில்: சாலையே பாடநூல்

நான்காம் வாரம் பள்ளி வாசலுக்கு உள்ளே நின்றபடியே ஜி.என்.டி. சாலையை 20 நிமிடம் பார்த்தோம். சென்னையைக் கொல்கத்தாவோடு இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையின் பழைய தடம் இது. வண்டி எண்ணின் முதல் இரண்டு எழுத்துகளைக் குறிப்பது ஒரு குழு, வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது இன்னொரு குழு. டி.என். 18 என்றால் செங்குன்றம் என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். ஏ.பி., டி.எஸ்., ஓ.டி., டபிள்யூ.பி. என்று மற்ற மாநிலங்களும் வந்தன. நெல் மூட்டை, கன்டெய்னர், எரிவாயு, சிமென்ட், காய்கறி. "இந்தக் கன்டெய்னர் எங்க போகுது?" என்ற கேள்வியிலிருந்து துறைமுகப் பாடத்துக்குப் போனோம். சென்னைத் துறைமுகம் 1881இலிருந்து இருக்கிறது. எண்ணூரில் இன்று காமராஜர் துறைமுகம் என்று வழங்குவது 2001இல் செயல்படத் தொடங்கியது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் வந்தது. இவற்றுக்கெல்லாம் வண்டியும், வண்டி நிற்க இடமும், பழுது பார்க்கப் பட்டறையும், டயருக்குப் பஞ்சர் ஒட்டக் கடையும், ஓட்டுநருக்குச் சோறும் வேண்டும். மாதவரம், புழல், செங்குன்றம் பகுதியில் எங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் பலர் செய்யும் வேலை அதுதான்.

செங்குன்றம் அரிசி ஆலைகளுக்குப் பேர்போனது. ஆந்திராவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் வரும் நெல் இங்கே அரிசியாகிச் சென்னைக்குப் போகிறது. ஆலையில் வேலை செய்யும் ஒரு பெற்றோரைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக அழைத்துப் பேச வைத்தோம். நெல்லை ஊற வைப்பது, அவிப்பது, களத்தில் காய வைப்பது, அரைப்பது என்று அவர் கையால் செய்து காட்டியபடி விளக்கினார். உமி கொதிகலனுக்கு எரிபொருள், தவிடு எண்ணெய்க்கும் மாட்டுத் தீவனத்துக்கும், குருணை மாவுக்கு. "நெல்லுல வீணுன்னு ஒண்ணு இல்லம்மா" என்றார். மதிப்புக் கூட்டல் என்ற சொல்லை நான் அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன்.

இதே தொழிலின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கவில்லை. வட தமிழ்நாட்டின் அரிசி ஆலைகளில் முன்பணம் வாங்கிய குடும்பங்கள், குறிப்பாக இருளர் குடும்பங்கள், கொத்தடிமைகளாக வைக்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டிருக்கிறார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகும் ஏன் நடந்தது என்று பிள்ளைகள் பேசினார்கள். கடன் என்றால் என்ன, எழுதப் படிக்கத் தெரியாதவர் கணக்கை எப்படிச் சரிபார்ப்பார் என்று அவர்களே எடுத்துச் சென்றார்கள்.

மக்கள்: நான் செய்த தவறு

ஐந்தாம் வாரம் ஒரு தாள் கொடுத்தேன். மூன்று கேள்விகள். உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது? எப்போது வந்தது? ஏன் வந்தது? குடிபெயர்வுக்கான காரணங்கள் என்று அட்டவணை போடலாம் என்பது என் திட்டம்.

ஒரு மாணவி மூன்றாம் கேள்வியை வெறுமையாக விட்டிருந்தாள். முழுமையாக எழுதவில்லை என்று நினைத்து, எழுப்பி, "ஏன் வந்தீங்கன்னு வீட்ல கேக்கலையாம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் நின்றாள். எதுவும் பேசவில்லை. மணி அடிக்கும் வரை நின்றாள். அவள் காவாங்கரை இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருபவள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் அவள் தாள் எனக்கு நிரம்பாத ஒரு கட்டமாக மட்டுமே பட்டது.

1983க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் அவை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும், பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் முகாம்தான் ஊர். 2021இல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாற்றத்தின் பொருளை ஆசிரியர் கூட்டத்தில் பேசியவள் நான். வகுப்பில் அதை மறந்துவிட்டேன். 'ஏன் வந்தீர்கள்' என்பது அட்டவணைக்கான கேள்வி. வீட்டில் அழுகையில்லாமல் பேச முடியாத ஒன்றைப் பதின்மூன்று வயதுக் குழந்தை நாற்பது பேர் முன்னால் எப்படிச் சொல்லும்? அந்தத் தாள்களில் இன்னும் இரண்டு மூன்று இடங்கள் வெறுமையாக இருந்ததை அன்று மாலைதான் கவனித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும்.

மறுநாள் அவளைத் தனியே அழைத்து, "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். பரவாயில்லை என்று பிள்ளைகள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்.

தாள்களை எடுத்து வைத்துவிட்டுக் கேள்வியை மாற்றினேன். அரிசி ஆலைப் பாடத்திலிருந்தே தொடங்கினேன். "ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் சாப்பிடுவதை உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்?" பழைய சோறு, பழையது, நீராகாரம் என்று வந்தன. தெலுங்கு பேசும் வீட்டுப் பையன் 'சத்தி அன்னம்' என்றான். ஆலை வேலைக்கு வந்த ஒடியாக் குடும்பத்துச் சிறுமி, அதுவரை வகுப்பில் அதிகம் பேசாதவள், 'பகாளா' என்றாள். அவர்கள் ஊரில் மார்ச் 20 அன்று அதற்கென்று ஒரு நாளே கொண்டாடுகிறார்கள் என்றும் சொன்னாள். கடைசியில் அந்த மாணவி கை தூக்கினாள். "எங்கட வீட்டில பழஞ்சோறு. அம்மம்மா அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் கதைப்பா." 'கதைப்பா' என்றால் என்ன என்று பத்துப் பேர் கேட்டார்கள். அன்று அவள்தான் ஆசிரியர்.

எங்கிருந்து, எப்போது, ஏன் என்பவற்றைப் பிறகு ஊரின் கேள்விகளாக வைத்தோம். புழலுக்கு மக்கள் ஏன் வருகிறார்கள்? வேலை, சாலை, வாடகை குறைவு, போர், திருமணம், அரசுப் பணியிட மாற்றம். அட்டவணை நிரம்பியது. யார் எந்தக் காரணம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சிறையை எங்கே வைப்பது?

ஆறாம் வாரம் பாடத்தைத் தொகுத்தோம். சிறையைச் சேர்ப்பதா, விடுவதா என்று வாக்குவாதம். விட்டுவிடலாம் என்றது ஒரு கூட்டம். இருப்பதை எப்படி விடுவது என்றது மற்றது. சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே இருந்த பழைய மத்திய சிறை 2006இல் புழலுக்கு மாறியது. பழைய இடத்தின் ஒரு பகுதியில் இன்று சென்னை மருத்துவக் கல்லூரியின் கட்டடங்கள் நிற்கின்றன. நகரம் தனக்கு இடம் போதாதபோது எதையெல்லாம் தன் ஓரத்துக்கு அனுப்புகிறது என்று கேட்டேன். சிறை, லாரி நிறுத்தம், குப்பைக் கிடங்கு, ஆலை என்று பட்டியல் போட்டார்கள். ஒருத்தி, "தண்ணிய மட்டும் இங்கேர்ந்து எடுத்துக்குது" என்றாள்.

சிறைக்குள் இருப்பவர்களும் மனிதர்கள், அவர்களைப் பார்க்க வாசலில் காத்திருப்பவர்களும் மனிதர்கள் என்பதையும் பேசினோம். 2023இல் பெண் சிறைவாசிகளே நடத்தும் பெட்ரோல் நிலையம் புழலில் திறக்கப்பட்டதை ஒரு மாணவன் சொன்னான். அவன் அப்பா அங்கே வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறாராம். முடிவில் பறை வாசிக்கும் பையன்தான் தீர்த்துவைத்தான். "'அரசு நிறுவனங்கள்'னு ஒரு தலைப்பு போட்டு அதுல எழுதலாம் டீச்சர். தண்ணி சுத்திகரிப்பு நிலையம், பள்ளிக்கூடம், சிறை. மூணும் அதுல வரும்." அப்படியே எழுதினோம். ஆறு பக்கப் பாடத்தில் சிறைக்குக் கிடைத்தது நான்கு வரி.

உங்கள் ஊருக்கும் ஒரு பாடம்

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். பாடநூலின் அதே துணைத் தலைப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கும் அது உதவும். ஊரின் மிகத் தெரிந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஏரியின் அடி, பேருந்து எண், வண்டிப் பதிவெண் எதுவாகவும் இருக்கலாம். மக்கள் சொல்வதையும் சான்று சொல்வதையும் இரண்டு பத்தியாகப் பிரித்தே எழுதுங்கள். பெற்றோரைப் பேச அழையுங்கள். அவர்கள் வேலை பாடமாவதைப் பார்க்கும் பிள்ளையின் முகம் வேறாக இருக்கும். கணிதம், தமிழ் ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரை, சாலை போன்ற இடங்களுக்குப் பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். வீட்டைப் பற்றிக் கேட்கும்போது பதில் சொல்லாமலிருக்கும் உரிமையும் பிள்ளைக்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொடக்கப் பள்ளியில் பழைய சோற்றுக் கேள்வி ஒன்றே ஒரு பாடவேளைக்குப் போதும்.

அடுத்த போட்டிக்குப் போய் வந்த அன்று அந்தப் பையன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

"புழல்னு எழுதினேன் டீச்சர். அதே மாதிரி எப்ப ரிலீஸ்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"21 அடி வந்ததும் ரிலீஸ் பண்ணுவாங்க, உங்க ஏரியாவுக்குத்தான் வரும், ஜாக்கிரதையா இருங்கன்னு சொன்னேன்."

இந்த முறையும் சிரித்தேன். அந்தப் பாடத்தை இந்த ஆண்டு ஏழாம் வகுப்பு திருத்திக்கொண்டிருக்கிறது. தங்கள் தெருக்கள் வரைபடத்தில் இல்லை என்று அவர்களுக்குக் குறை.